ஒரு தெரு மாறிய கதையைக் கண்காட்சியாக வைக்க: முதல்முறை இறங்குபவர்களுக்கு

சென்னை ஜார்ஜ் டவுனில், முன்பு காய்கறிச் சந்தை இருந்த கொத்தவால் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான தெரு. 60 மீட்டர் நீளத்துக்கு, ஒரு பக்கமாக 11 வீடுகள். அந்தத் துண்டு எப்படி மாறியது என்பதை, அதே தெருவில் சும்மா கிடந்த ஒரு வெங்காயக் கிடங்கில் 5 நாள் கண்காட்சியாக வைத்தேன். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கியது எட்டு மாதம் இழுத்தது. 35,000 ரூபாய் என்று போட்ட கணக்கு 54,200-இல் போய் நின்றது. ஐந்து பலகைகளை இரண்டாம் முறை அச்சடித்தேன். ஒரு பெரியவர் என்னை வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார். திட்டியதில் நியாயமும் இருந்தது.

கட்டடக்கலை படித்தவள்தான் நான். ஆனால் வில்லங்கச் சான்றை (ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, பாகப்பிரிவினை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் பதிவுத் துறைத் தாள்) எப்படிப் படிப்பது, பந்தல்காரரிடம் என்ன கேட்பது, தமிழ் எழுத்து அச்சில் உடையாமல் இருக்க என்ன செய்வது என்றெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் தெருவை இப்படிக் காட்ட நினைத்தால் இதை ஒருமுறை படித்துவிட்டு இறங்குங்கள். நான் சொல்வது சென்னைக் கணக்கு. மற்ற ஊர்களில் அலுவலகமும் எண்களும் கொஞ்சம் மாறும்.

1. நகரத்தை விடுங்கள், ஒரு துண்டை எடுங்கள்

'மாறும் சென்னை' என்று தலைப்பு வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. எந்தச் சென்னை? மாநகராட்சியே 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. பெருநகர எல்லையை 2022-இல் 1,189-இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக்கினார்கள். இதைப் பதினைந்து பலகையில் காட்டப் போனால், வரைபடத்துக்கு நிறம் பூசுவதோடு வேலை முடிந்துவிடும்.

இன்னொரு பொறி பழைய புகைப்படங்கள். டிராம் ஓடிய மவுண்ட் ரோடு, ஆளில்லாத மெரினா. வருபவர்கள் "அந்தக் காலத்துல எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று பெருமூச்சு விட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாற்றம் தெரிய வேண்டுமானால் ஒரே இடம் குறைந்தது இரண்டு தேதிகளில் வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்பதற்குத் தாளோ சாட்சியோ வேண்டும்.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். அதில் ஓர் ஆண்டும், கோடு போட்டு வரையக்கூடிய ஒரு பொருளும் இருக்கட்டும். என்னுடையது: '1996-இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகு, இந்த 11 வீடுகளின் தரைத்தளம் என்ன ஆயிற்று?' உங்களுடையது மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவாக இருக்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வாசல்படியை உயர்த்திக்கொண்ட வீடுகளாக இருக்கலாம். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அதற்குப் பஞ்சமில்லை. 2019-இல் நடைபாதை அகலமான பிறகு பாண்டி பஜார் கடை முகப்புகளாகவும் இருக்கலாம். நீளம் 50 முதல் 80 மீட்டர் போதும்.

சிங்கப்பூரில் மேக்ஸ்வெல் சாலை நகரக் காட்சியகத்தில் மத்திய நகரத்தின் பெரிய மாதிரி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். விரல் நீட்டித் தேடுவதெல்லாம் தெரிந்த கட்டடத்தை, தங்கள் அலுவலகத்தை, தங்கள் பேருந்து நிறுத்தத்தை. துண்டு சின்னதாக இருந்தால் எல்லாருக்கும் விரல் வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

2. திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். அந்த வாரம் கூட்டம் தானாக வரும். ஆனால் ஒரே மாலையில் பல நிகழ்ச்சிகள் இருக்கும், நல்ல இடங்களை முன்பே பிடித்திருப்பார்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழை. பழைய கட்டடத்தில் வைப்பதானால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பாருங்கள், உங்களுக்கே புரியும். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் சரியான காலம். நான் பிப்ரவரியில் வைத்தேன்.

தாள் சேகரிக்க 10 முதல் 12 வாரம். அளக்க 2 வாரம், வரைய 6 வாரம். பேட்டிகள் இதற்கு நடுவில் நடந்துகொண்டே இருக்கும். அச்சுக்கு 2 வாரம்: ஒன்று அச்சடிக்க, மற்றது தப்பைத் திருத்தி மறுபடி அச்சடிக்க. மாணவர்களை உதவிக்கு எடுத்தால் அவர்களுடைய பருவத் தேர்வுத் தேதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னோடு இருந்த இருவரும் நவம்பரில் மூன்று வாரம் காணாமல் போனார்கள். தப்பு அவர்களுடையது இல்லை, நான் கேட்கவில்லை.

3. தாள் வேட்டை

முதல் வேலை ஒரு நோட்டு வாங்கி, வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் புதிய கதவு எண், பழைய கதவு எண், சர்வே எண்கள். சென்னையில் பாதிக் குழப்பம் இந்தப் பழைய எண், புதிய எண் விவகாரத்தில்தான். பத்திரத்தில் இருப்பது ஒன்று, வாசல் தகட்டில் இருப்பது ஒன்று, மின்வாரிய அட்டையில் இருப்பது இன்னொன்று. பத்திரங்களில் ஓ.எஸ். எண், ஆர்.எஸ். எண், சி.சி. எண் என்று மூன்று வரும். ஓ.எஸ். பழைய அளவை எண். ஆர்.எஸ். மறு அளவைக்குப் பின் வந்தது. சி.சி. கலெக்டர் சான்றிதழ் எண். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருப் பெயரிலும் வம்பு உண்டு. ஜாதிப் பின்னொட்டை நீக்கிய பெயர், நீக்காத பெயர், ஆங்கிலத்தில் நாலு விதமான எழுத்துக்கூட்டல். ஒன்றில் தேடிவிட்டு 'எதுவும் இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் தளத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிட்ட நகலுக்குத்தான் கட்டணம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

கட்டடக்கலைக் கண்காட்சிக்கு வில்லங்கம் எதற்கு என்று என் நண்பர்களே கேட்டார்கள். ஏழாவது வீட்டைச் சொல்கிறேன். ஒரே முகப்பு, ஒரே கைப்பிடிச் சுவர். நடுவில் கோடு கிழித்தாற்போல் பாதி பச்சை, பாதி மஞ்சள். திண்ணையின் நடுவே ஒரு செங்கல் சுவர். சந்தை போனதும் வருமானம் குறைந்து, பாதி வீட்டைக் கடைக்கு விட்டிருப்பார்கள் என்று நான் ஒரு பலகையே எழுதிவிட்டேன். வில்லங்கத்தைப் பார்த்தால் 1988-இல் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. முற்றம் இரண்டாகி, ஒரு பாதிக்கு மேல் தகரம் விழுந்து கிடங்கானது அப்போதுதான். சந்தை போனது அதற்கு எட்டு வருடம் கழித்து! 11 வீடுகளில் நாலு இப்படி. எழுதி வைத்திருந்த பலகையைக் கிழித்துப் போட்டேன். அடமானம் வைத்த ஆண்டையும் பாருங்கள். எங்கள் தெருவில் மாடி எழும்பியது பெரும்பாலும் அதற்கு அடுத்த ஆண்டு.

ஒன்று மட்டும் வில்லங்கத்தில் கிடைக்காது. 11 மாத வாடகை ஒப்பந்தங்கள் அதில் ஏறுவதில்லை. ஆகவே எந்தக் கடை போய் எந்தக் கடை வந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நகர நில அளவைப் பதிவேட்டின் பகுதியை அரசின் இணையச் சேவைத் தளத்தில் எடுக்கலாம். மனையின் பரப்பு அதில் கிடைக்கும். வீட்டுக்காரர்கள் கிரவுண்டில்தான் பேசுவார்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இந்த மூன்றுக்கும் தனித்தனி நாள் வையுங்கள். எங்கே போனாலும் ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: நிறுவனக் கடிதத் தாளில் கையொப்பமும் முத்திரையும் உள்ள அறிமுகக் கடிதம் (இரண்டு பிரதி), ஆதார் நகல், நாலு புகைப்படம், ஒரு பென்சில். முத்திரை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடிதம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு முத்திரை குத்த மறந்துவிட்டார். ஓரிடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், ஒரு வாரம் போனது. உள்ளே போய் "ஜார்ஜ் டவுன் பற்றி ஏதாவது இருக்கா?" என்று கேட்காதீர்கள். இன்ன தெரு, இன்ன ஆண்டுகள், இன்ன வகைத் தாள் என்று கேளுங்கள். நகல் அன்றே கையில் கிடைக்கும் என்று நினைத்துக் கிளம்பவும் வேண்டாம்.

கடைகள் மாறிய கதைக்குப் பழைய தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்கள்தான் சுரங்கம். பாக்கு மண்டி, மளிகை மொத்த வியாபாரம், குடைக் கடை என்று முகவரியோடு வரும். கதவு எண், ஆண்டு, தொழில், மூன்றும் ஒரே சதுரத்தில். கதைப் பக்கங்களைத் தாண்டி நேரே பின்னட்டைக்குப் போங்கள்.

வரைபடங்களில் ஒரு எச்சரிக்கை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை வாங்கி வைத்தால் என் 60 மீட்டர் தெரு அதில் 1.2 மில்லிமீட்டர். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். முற்றங்கள் கரும் சதுரமாகத் தெரியும். ஒவ்வொன்றாக அவை மூடிக்கொள்வதை ஆண்டுவாரியாக எண்ணலாம். ஆனால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவின் தெருமட்டப் படங்களை அவ்வளவு தூரம் பின்னோக்கி ஓட்ட முடியாது. வெளிநாட்டு வழிகாட்டிகள் '2008 படத்தைப் பாருங்கள்' என்பார்கள். சென்னைக்கு அந்த வசதி வந்ததே 2022-இல்தான்.

பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் துண்டு எந்த நிறம் என்று பாருங்கள். ஜார்ஜ் டவுன் 'தொடர் கட்டடப் பகுதி', பக்கவாட்டில் இடம் விடாமல் சுவரோடு சுவராகக் கட்டலாம். 2019 கட்டட விதிகள் வந்தபின் தளப்பரப்புக் குறியீடு 2 (எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனையைப் போல் இரண்டு மடங்கு வரை), உயர்மாடி வகையில் சேராத கட்டடத்துக்கு உயரம் 18.3 மீட்டர் வரை. தெருவின் மேல்கோடு ஏன் திடீரென்று எகிறுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களை ஒரு ஓரத்தில் எழுதி வைத்தால் போதும்.

தகவல் உரிமை மனு கடைசி வழி. கட்டணம் 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதாவது இரண்டு மூன்று மாதம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்டால் பதில் வராது. இன்ன ஆணையின் நகல், இன்ன ஆண்டின் பட்டியல் என்று ஆவணமாகக் கேளுங்கள். தனியார் வீட்டின் அனுமதி வரைபடத்தை மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்கலாம். வீட்டுக்காரரிடமே கேட்பது சுருக்கம்.

4. கிடைத்ததையெல்லாம் ஒட்டக் கூடாது

திட்டு வாங்கியது இதில்தான். பாகப்பிரிவினை விவரம் கிடைத்த குஷியில், அந்த வீட்டுப் பலகைக்கு வில்லங்கச் சான்றின் ஒரு பக்கத்தையே பின்னணியாக வைத்து, மாதிரி அச்சைக் காட்ட எடுத்துப் போனேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். அப்புறம் மெதுவாக, "ஏம்மா, எங்க அண்ணன் தம்பி பஞ்சாயத்தையா போஸ்டர் அடிச்சு ஒட்டப் போறே? இந்தத் தெருவுல பொண்ணு எடுத்தவங்க, குடுத்தவங்க எல்லாம் இருக்காங்க" என்றார். அப்புறம் குரல் உயர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

பதிவுத் துறைத் தளத்தில் யாரும் பார்க்கலாம் என்பதும், அவர் வாசலுக்கு எதிரே இரண்டடி எழுத்தில் தொங்குவதும் ஒன்றில்லை. அன்றிலிருந்து வைத்துக்கொண்ட விதி இதுதான். பெயர், தொகை, பத்திர எண் எதுவும் பலகையில் வராது. 'ஏழாவது வீடு, 1988, இரண்டாகிறது' என்று மட்டும் வரும். வீட்டைப் பற்றிய பலகை வீட்டுக்காரர் பார்த்துத் தலையாட்டிய பிறகே அச்சுக்குப் போகும். இதற்கு ஒரு வாரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்தப் பெரியவர் பிறகு தன் பெட்டியிலிருந்து வீட்டின் பழைய வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். லினன் துணியில், மடிப்பில் கிழிந்து போனது. காப்பகத்தில் தேடி எனக்குக் கிடைக்காதது.

5. அளப்பது

ஞாயிறு காலை 6 முதல் 8 வரை. அதற்குப் பிறகு மூட்டை ஆட்டோக்கள் வந்துவிடும், டேப்பின் மேலேயே ஏறிப் போகும். 30 மீட்டர் டேப் ஒன்று, லேசர் அளவி ஒன்று, மூன்று பேர். எதற்கு அளக்கிறோம் என்று நாலு வரி எழுதிய துண்டுத் தாளை வெள்ளிக்கிழமையே எல்லா வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'ரோடு அகலப்படுத்த வந்திருக்காங்க' என்று பேச்சு கிளம்பும். எங்களுக்குக் கிளம்பியது. காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். செலவு எதுவும் இல்லை.

குறுகலான தெருவில் முழு முகப்பும் ஒரே படத்தில் விழாது. எதிர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுங்கள். ட்ரோன் வேண்டாம். கோட்டை, உயர் நீதிமன்றம், துறைமுகம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் உள்ள பகுதி. அனுமதிக்கு அலைவதைவிட மாடிப்படி ஏறுவது சுலபம். உயரம் அளக்க முடியாத இடத்தில் படிகளை எண்ணுங்கள்: ஒரு படியின் உயரத்தை அளந்து, எண்ணிக்கையால் பெருக்கினால் தளத்தின் உயரம் கிடைத்துவிடும்.

1:20 அளவில் வரைந்தால் 60 மீட்டர் தெரு 3 மீட்டர் நீளப் பட்டையாகும். அந்த அளவில் ஜன்னல் கம்பி வரை தெரியும். இன்றைய தெரு, 1996 தெரு, அதற்கும் முந்தைய தெரு என்று மூன்று பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். என் கண்காட்சியில் உருப்படியான பொருள் என்றால் அதுதான். மற்ற பலகைகள் எல்லாம் அதற்கு உரை.

பழைய முகப்புக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பங்களுக்கு. மாப்பிள்ளை அழைப்பு, வாசலில் வாழைமரம், பெண் வீட்டார் வரிசையாக நிற்பது, எல்லாவற்றுக்கும் பின்னால் வீடுதானே நிற்கிறது. ஒரு ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னால் மரத்தூணும், மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது) உத்திர முனைகளும் தெளிவாக இருந்தன. இன்று அந்த இடத்தில் இரும்பு ஷட்டர். படத்தில் பார்த்ததை முழுக்கோடாகவும், வாய்மொழியாகக் கேட்டதைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னால் யாராவது மடக்குவார்கள்.

6. பேச்சும் படமும்

'இந்தத் தெரு எப்படி மாறியது?' என்று கேட்டால், எல்லாரும் 'எல்லாம் மாறிப்போச்சு' என்பார்கள். 'மூட்டையை எங்கே இறக்குவீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு முன்னாள் லோடுமேன் எழுந்து வந்து, திண்ணை ஓரக் கடப்பைக் கல்லில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். இருபது வருடம் மூட்டை இழுத்த தேய்மானம். அதன் மேல் இப்போது பிளாஸ்டிக் குடம் அடுக்கியிருக்கிறார்கள். நேரம் மதியம் 2 முதல் 4, கடையில் வியாபாரம் மந்தமாக இருக்கும். வாடகையைக் கடைசியில் கேளுங்கள், முதலில் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு பக்க ஒப்புதல் தாள் தமிழில் வேண்டும்: எதற்காகப் பேசுகிறோம், எங்கே பயன்படும், பெயர் போடலாமா, பிறகு வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது. படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள்.

ஆல்பப் படங்களுக்குத் தனியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இப்போதைய பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஸ்டுடியோவையும் தேடுங்கள். வெளியிலிருந்து தெரியும் கட்டடத்தை வரைவதற்கும் படம் எடுப்பதற்கும் சட்டத்தில் தடையில்லை. ஆனால் ஒரு கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடத்தை அப்படியே அச்சடிக்க அவர் சம்மதம் வேண்டும்.

7. இடம்

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி மாதிரியான காட்சிக்கூடத்தில் சுவரும் விளக்கும் தயாராக இருக்கும். ஆனால் தெருவில் இருப்பவர்கள் கடையைப் பூட்டிவிட்டு அங்கே வர மாட்டார்கள். தெருவிலேயே வைத்தால் சுவர் ஒழுகும், எலி இருக்கும், ஆனால் மாலையில் கைலியோடு இறங்கி வந்து பார்ப்பார்கள். என் ஓட்டு தெருவுக்குத்தான்.

தனியார் இடமானால் உரிமையாளரிடம் தேதி குறித்த சம்மதக் கடிதமும், மின்கட்டணம் யார் கட்டுவது என்ற ஒரு வரியும் வாங்குங்கள். வாசலுக்கு வெளியே ஒரு பேனர் வைத்தாலும் மாநகராட்சி அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். நான் இரண்டையும் தவிர்த்துவிட்டேன். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது, காரையோடு பெயர்ந்து வரும். பந்தல்காரரிடம் குழாய்ச் சட்டம் வாடகைக்கு எடுத்து அதில் தொங்கவிட்டேன்.

8. பலகையும் தமிழ் எழுத்தும்

ஏ1 அளவு, 5 மில்லிமீட்டர் சன்போர்டு (எடை குறைந்த நுரைப் பலகை). பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 சென்டிமீட்டரில் வரட்டும். எழுத்து 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம், ஒரு பலகைக்கு 80 சொல் போதும். தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தால் தமிழ் எப்போதும் இடம் போதாமல் சுருங்கும், படிக்கவும் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும்.

இனி எழுத்து உடையும் கதை. நான் யூனிகோடில் எழுதிய கோப்பை அப்படியே கடைக்குக் கொடுத்தேன். கடையில் பழைய மென்பொருள். 'கொத்தவால்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நின்றது. திரையில் யாரும் கவனிக்கவில்லை, பலகையில் தலைப்பிலேயே அப்படி. கடைக்காரருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் அவர் பார்த்தது நிறத்தை. ஐந்து பலகை போயிற்று.

ஆகவே எழுத்துகளையெல்லாம் வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப் மாதிரியான மென்பொருளில் வேலை செய்தால் தெற்காசிய எழுத்தமைப்பு என்ற தேர்வைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். முதலில் ஒரே ஒரு ஏ4 தாளில், கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரும்படி சோதனை அச்சு எடுங்கள். அதை உங்கள் திட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கடையில் 'அர்ஜென்ட்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள், விலையும் ஏறும், தப்பும் ஏறும்.

9. செலவு

நான் கொடுத்ததை அப்படியே தருகிறேன். விலை கடைக்குக் கடை மாறும்.

ஏ1 பலகை 14, சதுர அடி 90 ரூபாய் வீதம்: 6,800
மூன்று நீளப் பட்டைகள்: 7,800
மறு அச்சு: 2,400
தெருவின் 1:100 மாதிரி, லேசரில் வெட்டிய பலகை: 9,000
விளக்கு, வயர், எலக்ட்ரீசியன்: 6,500
பந்தல்காரர் குழாய்ச் சட்டம்: 5,000
நகல், சான்று, பஸ், ஆட்டோ: 3,200
தேநீர், பிஸ்கட், திறப்பு நாள்: 3,500
இரண்டு மாணவர்களுக்கு: 10,000

கூட்டினால் 54,200. கிடங்கு இலவசம். மாணவர் தொகையைக் குறைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார், அதில் கை வைக்க வேண்டாம். மறுபடி செய்தால் மாதிரியை விட்டுவிடுவேன். பிள்ளைகள் ரசித்தார்கள், ஆனால் பெரியவர்கள் குனியவே இல்லை. விளக்கில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். கிடங்கில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும்.

10. அந்த ஐந்து நாள்

முதல் மாலை தெருக்காரர்களுக்கு மட்டும். சிறப்பு விருந்தினர், நாடா, மேடை எதுவும் வேண்டாம். பொது மக்களுக்கு மறுநாளிலிருந்து.

பட்டைகளுக்குப் பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பென்சில் தொங்கவிடுங்கள், 'தப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள்' என்று ஒரு வரியோடு. முதல் நாள் யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் ஏழாவது வீட்டுப் பெரியவர் வந்தார். 1996 பட்டையில் தன் வீட்டு மாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க மூணு ஜன்னல் போட்டிருக்கே. ரெண்டுதான். மூணாவது எங்க தம்பி அப்புறம் இடிச்சு வெச்சது" என்று பென்சிலை எடுத்து மூன்றாவதின் மேல் பெருக்கல் குறி போட்டார். அதற்குப் பிறகு வரிசையாக எழுதினார்கள். ஷட்டரின் நிறம், கைப்பம்பு இருந்த இடம், முருங்கை மரம், ஒருவர் தன் பழைய தொலைபேசி எண். ஐந்து நாளில் 43 திருத்தங்கள். ஒவ்வொரு இரவும் அவற்றைப் படம் எடுத்து, யார் சொன்னார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டால் திரும்ப வராது.

முடிந்த பிறகு பலகைகளை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே யோசியுங்கள். சன்போர்டு வெயிலில் வளையும். என் 14 பலகைகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, அம்மா வாரம் ஒருமுறை கேட்கிறார். கோப்புகளையும் பேட்டிகளையும் ஒப்புதல் தாள்களோடு சேர்த்து இரண்டு வன்தட்டில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இன்றைய தெருவின் பட்டையை மட்டும் திருத்தங்களோடு தெருமுனை டீக்கடைக்காரர் கேட்டு வாங்கி, பாய்லருக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார். போன வாரம் போனபோது நாலாவது வீட்டின் மேல் யாரோ பால்பாயிண்ட் பேனாவில் 'இடிச்சாச்சு' என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்கள்.